ஹுவாங்ச்சி வளர்ப்பு: விதை நேர்த்தி முதல் வேர் உலர்த்துவது வரை

சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் சிவப்புப் பேரீச்சை, கோஜி பழம் இவற்றின் பக்கத்தில் நீளவாட்டில் சீவிய இளமஞ்சள் வேர்த் துண்டுகள் பாக்கெட்டில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோழி சூப்பில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஹுவாங்ச்சி என்கிற பல்லாண்டுச் செடியின் வேர்தான் அது. பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் அஸ்ட்ராகலஸ் மங்கோலிகஸ். பழைய நூல்களிலும் விதை உறைகளிலும் அஸ்ட்ராகலஸ் மெம்ப்ரனேசியஸ் என்றும் இருக்கும்.

வளர்ப்பவருக்கு இதில் வேண்டியது நேராக, நீளமாக, கிளைக்காமல் இறங்கும் ஒரே ஆணிவேர். மண் தயாரிப்பு, உரம், இடைவெளி, நீர் என எதில் முடிவெடுத்தாலும் அந்த வேரை நினைத்தே எடுக்க வேண்டும். செடி மேலே தளதளவென்று இருந்து, தோண்டும்போது விரல் நீளத்துக்கு நாலைந்து கிளை வேர்கள் மட்டும் கிடைத்தால் அந்தச் சாகுபடி தோற்றது என்றே கணக்கு.

எந்தச் செடி, எந்த ஊருக்கு

அஸ்ட்ராகலஸ் பேரினத்தில் ஏறத்தாழ 3,000 இனங்கள் உண்டு. பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய பேரினம் கிடையாது. ஈரான் பக்கத்து முட்புதர் இனங்களிலிருந்து ட்ரகாகாந்த் பிசின் எடுக்கிறார்கள். வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் உள்ள சில இனங்கள் ஸ்வைன்சோனைன் என்ற நஞ்சால் கால்நடைகளைத் தள்ளாட வைத்துக் கொல்கின்றன. சில, மண்ணிலுள்ள செலினியத்தை உறிஞ்சிச் சேர்த்து நஞ்சாகின்றன. ஆகவே "அஸ்ட்ராகலஸ்" என்று மட்டும் எழுதிய விதைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். இனப்பெயர் முழுவதும் இருக்க வேண்டும். வட அமெரிக்காவின் சொந்தச் செடியான கனடென்சிஸ், தீவனமாக வளர்க்கும் சைசர் இரண்டும் நல்ல பல்லாண்டுச் செடிகள்தான், ஆனால் இந்த வேருக்கு மாற்று ஆகா.

ஹுவாங்ச்சியில் மருந்துக்குரியவை இரண்டு வகை. மங்கோலிய வகையின் இலையில் சிறு சிற்றிலைகள் நெருக்கமாக, 12 முதல் 18 ஜோடி வரை இருக்கும், காய் வழவழப்பானது. மெம்ப்ரனேசியஸ் வகையில் சிற்றிலை பெரிது, ஜோடிகள் குறைவு, காயின் மேல் மெல்லிய ரோமம் தெரியும். இரண்டுக்கும் பூ வெளிர்மஞ்சள். காய் காகிதம்போல் மெல்லிய தோலோடு உப்பியிருக்கும். சீனத்தில் பெரிதும் பயிராவது மங்கோலிய வகை. ஷான்சி மாகாணத்தில் ஹெங் மலையடிவார ஹுன்யுவான், கன்சு மாகாணத்தின் லொங்சி, உள் மங்கோலியா ஆகியவை பேர்போன பகுதிகள்.

அந்த ஊர்களுக்குப் பொதுவானவை கடுங்குளிர், குறைந்த மழை, ஆழமான மணற்பாங்கு மண். உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி வரை போனாலும் வேர் பிழைக்கும். குளிர்காலத்தில் தண்டு முழுவதும் காய்ந்து, வசந்தத்தில் வேர்த்தலையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது இதன் இயல்பு. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதை முயல்வதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஓய்வு கொடுக்கும் குளிரும் அங்கே இல்லை, வடகிழக்குப் பருவமழையில் வேரும் அழுகும். கனடா, ஐரோப்பா, அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற செடி இது. இந்த வழிகாட்டியும் அவர்களுக்கானது.

மண்ணும் பாத்தியும்

நாள் முழுக்க வெயில் விழும், தண்ணீர் ஒருபோதும் தேங்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள். சரிவு இருந்தால் இன்னும் நல்லது. மண்ணின் கார அமிலத் தன்மை 7 முதல் 8 வரை இருக்கலாம். அமில மண் என்றால் சுண்ணாம்பிட்டுச் சரிசெய்த பிறகே விதைக்க வேண்டும்.

அடுத்தது ஆழம். சீன வியாபாரிகள் நேரான வேரைச் சாட்டைக்கோல் என்றும், கிளைத்துப்போன வேரைக் கோழிக்கால் என்றும் தரம் பிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே விதையிலிருந்து வரக்கூடியவைதான். வேறுபாட்டை உண்டாக்குவது மண். ஆழமான மணற்பாங்கு மண்ணில் சாட்டைக்கோல் கிடைக்கும், களிமண்ணில் கோழிக்கால்தான் மிஞ்சும். வேர் நுனி ஒரு கல்லிலோ இறுகிய மண்ணடுக்கிலோ முட்டினால் அந்த இடத்திலேயே பக்க வேர்கள் கிளம்பிவிடும், பிறகு எதைச் செய்தும் நேராக்க முடியாது. நீர் தேங்கும் மண்ணில் வேரின் தோல் மேல் துருப் பிடித்ததுபோல் செம்பழுப்புப் புள்ளிகளும் விழும்.

மண்ணைப் பார்க்க ஒரு சோதனை. 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். நாலைந்து மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டால் நேராக விதைக்கலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் மேட்டுப்பாத்தியோ கீழே சொல்லும் படுக்கை நாற்று முறையோதான் வழி. லண்டன் களிமண்ணும், டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் உள்ள இறுகிய மண்ணும் இந்த இரண்டாம் வகைக்குள் வரும்.

பாத்தி 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய இலையுதிர் காலத்திலேயே 50 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கல், பழைய வேர், கட்டி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். நன்கு மக்கிய தொழு உரமோ கம்போஸ்ட்டோ சதுர மீட்டருக்கு 3 கிலோ, அதாவது இந்தப் பாத்திக்கு சுமார் 11 கிலோ, மண்ணோடு சீராகக் கலக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட் சதுர மீட்டருக்கு 40 கிராம் போதும். இயற்கை முறையில் செய்பவர்கள் எலும்புத்தூள் இடலாம். மக்காத சாணம் கூடவே கூடாது. அது இருக்கும் இடத்தில் வேர் கருகும், கிளைக்கும், வேர்ப்புழுவும் வந்து சேரும். தழைச்சத்து மிகுந்த உரமும் வேண்டாம். வேர்முடிச்சு வழியாகச் செடி தனக்கான தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நாம் கூடுதலாகக் கொடுப்பது இலைக்கும் தண்டுக்கும் போகும், வேருக்குப் போகாது. பட்டாணிக்கும் க்ளோவருக்கும் விற்கும் ரைசோபியம் கலவை இதற்கு ஒத்துப்போகும் என்று நம்பி வாங்காதீர்கள், முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் இனங்கள் வேறு.

சென்ற ஆண்டு மக்காச்சோளமோ வேறு தானியமோ இருந்த நிலம் நல்லது. பட்டாணி, பீன்ஸ் இருந்த இடமும், ஏற்கெனவே ஹுவாங்ச்சி எடுத்த இடமும் வேரழுகலுக்கு வழிவிடும். நாலைந்து ஆண்டு இடைவெளி விடுங்கள்.

விதை நேர்த்தி

"விதைத்தேன், முளைக்கவே இல்லை" என்பவர்களில் பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள். விதை கருப்பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரு கிராமில் சுமார் 150 விதைகள் நிற்கும். விதைத்தோலைத் தண்ணீர் ஊடுருவாது. ஒரு கைப்பிடி விதையில் பாதிக்கு மேல் இப்படிக் கல் விதைகளாகவே இருக்கலாம். ஈரமண்ணில் மாதக்கணக்கில் கிடந்தாலும் உப்பாது.

நம்பகமான வழி உப்புத்தாள்:

1. நடுத்தரச் சொரசொரப்புள்ள உப்புத்தாளை ஒரு பலகையில் விரித்து, அதன் மேல் விதையை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள்.
2. இன்னொரு உப்புத்தாளைச் சிறு கட்டையில் சுற்றி, மேலே வைத்து லேசான அழுத்தத்தில் வட்டமாகத் தேயுங்கள். விதையின் மினுமினுப்புப் போய்த் தோல் மங்கியதும் நிறுத்திவிட வேண்டும். உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு தெரிந்தால் அளவு மீறிவிட்டது, அந்த விதை அழுகும்.
3. அறை வெப்ப நீரில் இரவு முழுக்க, 8 முதல் 12 மணி நேரம் ஊற வையுங்கள்.
4. காலையில் பாருங்கள். உப்பியவை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். உப்பாதவற்றைத் தனியே எடுத்து, துடைத்து, மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

விதை அதிகமென்றால் வெந்நீர் முறை கைகொடுக்கும். கொதித்த நீரில் விதையைப் போட்டு சுமார் ஒரு நிமிடம் விடாமல் கிளறி, உடனே குளிர்ந்த நீர் சேர்த்து 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அதிலேயே இரண்டு மணி நேரம் ஊறட்டும். பிறகு வடித்து, ஈரத்துணியில் கட்டி 8 முதல் 10 மணி நேரம் மூடி வைத்தால் விதை உப்பிவிடும். கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. கிளறாமல் விட்டாலும், நிமிடம் கூடினாலும் விதை வெந்துவிடும். கந்தக அமிலத்தில் தோய்த்தெடுக்கும் முறையும் உண்டு, வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம்.

ஊறிய விதை காயக் கூடாது, அன்றைக்கே மண்ணுக்குள் போக வேண்டும். இலையுதிர் காலக் கடைசியில், மண் உறைவதற்குச் சற்று முன் விதைப்பவர்கள் நேர்த்தி செய்யாமலே விதைக்கலாம். குளிரும் ஈரமும் மாறி மாறித் தோலை இளக்கும். ஆனால் எலியும் பறவையும் தின்றதுபோக எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் விதை வைத்திருப்பவர்களுக்கு வசந்த கால விதைப்பே மேல்.

நேரடி விதைப்பு

மண்ணின் வெப்பம் 8 டிகிரியைத் தொட்டதும் தொடங்கலாம். தெற்கு ஒன்டாரியோவில் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். மேலே சொன்ன பாத்தியில் நீளவாட்டில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு வரிசை. விதை 5 கிராம் போதும். 2 சென்டிமீட்டர் ஆழத்தில் கோடு கீறி, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு விதையாகத் தூவி, ஒரு சென்டிமீட்டர் மண் மூடி, உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். ஆழம் கூடினால் முளை மேலே வந்து சேராது.

15 முதல் 20 டிகிரியில் 5 முதல் 10 நாளில் முளைக்கும். அதுவரை மேல்மண் காய்ந்து ஓடு கட்டவே கூடாது. ஓடு கட்டினால் முளை அடியிலேயே வளைந்து செத்துப்போகும். பூவாளியால் மென்மையாக நனைத்து, மெல்லிய வைக்கோல் மூடாக்குப் போட்டு, முளை தெரிந்ததும் மாலையில் அதை விலக்கிவிடுங்கள்.

தட்டில் முளைக்க வைத்து நடலாமா? முடியும், ஆனால் ஆணிவேர் தட்டின் அடியைத் தொட்ட நாளோடு நேர் வேர் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால், நீளக் காகிதக் குழாயில் விதைத்து இரண்டாவது உண்மை இலை வருமுன் குழாயோடு நட்டுவிடுங்கள். தொட்டியில் வளர்ப்பவர்களுக்குக் குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழமும் அடியில் தாராளமான துளைகளும் வேண்டும்.

முதல் ஆண்டு

நாற்று பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாக வளரும். கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும், மேலே களை முந்தும். முதல் இரண்டு மாதம் கையால் களை பறிப்பதுதான் பெரிய வேலை. நாற்று 6 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நெருக்கத்தைக் குறைத்து 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விடுங்கள். 15 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டாவது முறை கலைத்து, செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். இந்தப் பாத்தியில் 80 செடி நிற்கும். வேண்டாத நாற்றைப் பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும். கத்தரியால் தரையோடு வெட்டுங்கள்.

நாற்றுப் பருவத்தில் மட்டும் சீரான ஈரம் வேண்டும். கோடை முடிந்த பின் நீரைக் குறைத்துக்கொண்டே வரலாம். மேல்மண் ஈரம் குறைந்தால்தான் வேர் கீழே போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேலேயே தங்க வைக்கும் பழக்கம். பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது அதைவிடப் பல மடங்கு நல்லது.

களிமண்காரர்களுக்குப் படுக்கை நாற்று முறை

லொங்சி விவசாயிகள் இதில் கைதேர்ந்தவர்கள். ஆழமான மணல் நிரப்பிய சிறு நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்து, ஓராண்டு விடுவார்கள். மறு வசந்தத்தில் துளிர்ப்பதற்கு முன் நாற்றுகளைத் தோண்டினால் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்தில் பென்சில் பருமனோ அதைவிடச் சற்று மெலிந்தோ வேர்கள் கிடைக்கும். கிளைத்தது, காயம்பட்டது, நுனி ஒடிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழ வாய்க்காலில் நல்ல வேர்களைப் படுக்கை வாட்டில், தலைப்பக்கம் சற்று உயர்த்தி, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கிடத்தி, தலைக்கு மேல் 3 சென்டிமீட்டர் மண் இருக்கும்படி மூடுகிறோம். வளையாமல், சுருளாமல் நீட்டி வைப்பது முக்கியம்.

வேர் படுத்தபடியே பருக்கும். நல்ல மண் 25 சென்டிமீட்டர் இருந்தால் போதும், அறுவடையில் அரை ஆள் ஆழக் குழி வெட்டும் பாடும் இல்லை. களிமண் தோட்டத்தில் இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் கணிப்பு.

இரண்டாம் ஆண்டிலிருந்து

இனி வேலை குறைவு. வசந்தத்தில் ஒரு கைப்பிடி கம்போஸ்ட், கொஞ்சம் மரச்சாம்பல். ஏற்கெனவே கார மண் என்றால் சாம்பலும் வேண்டாம். வறட்சி நீண்டால் மட்டும் தண்ணீர். மழைக்காலத்தில் வடிகால் அடைபடாமல் பாருங்கள்.

பூ பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக் கோடையில் வரும், தேனீ மொய்க்கும். விதை வேண்டிய நாலைந்து செடிகளை விட்டுவிட்டு மற்றவற்றின் நுனியை ஜூலையில் கிள்ளிவிடுங்கள். காய்க்குப் போகும் சத்து வேருக்குத் திரும்பும். உயரமான செடி மழையில் சாயும் என்றால் குச்சி நட்டுக் கட்டலாம். குளிர்காலத்தில் காய்ந்த தண்டைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள், அதுவே இடத்துக்கு அடையாளம். வேர்த்தலை மேல் ஈர மூடாக்கைக் குவிக்காதீர்கள். வசந்தத்தில் இளந்துளிரை நத்தை தின்னும் ஊர்களில் முதல் இரண்டு வாரம் இரவில் டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியிருக்கும்.

கெடுப்பவை

வேரழுகல்தான் உண்மையான எதிரி, பியூசேரியம் பூஞ்சாணம் காரணம். பாத்தியில் ஒரு செடி மட்டும் கீழிலையிலிருந்து மஞ்சளாகி வாடும், பிடித்து இழுத்தால் வேர் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, குழியில் சுண்ணாம்பு தூவுங்கள். வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வடிகாலைச் சரிசெய்வதே மற்ற செடிகளைக் காப்பாற்றும்.

ஜூலை, ஆகஸ்டில் இலை மேல் வெள்ளைத் தூள் படர்ந்தால் சாம்பல் நோய். நெருக்கமும் காற்றோட்டக் குறைவும் அதைக் கூட்டும். தொடக்கத்திலேயே நனையும் கந்தகத்தை லேபிளில் உள்ள அளவில் தெளித்தால் அடங்கும், கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். நுனிகளில் அசுவினி வந்தால் வேகமான நீர்ப்பீய்ச்சலும் பூச்சிக்கொல்லி சோப்பும் போதும். விதைக்குளவி காயின் வெளியே தெரியாது. விதையை உடைத்தால் உள்ளே புழு இருக்கும், பருப்பு இருக்காது. துளையுள்ள விதையை எரித்துவிடுங்கள்.

தோண்டுதல்

நேரடி விதைப்பில் நான்காம் ஆண்டு இலையுதிர் காலம்தான் எங்கள் பரிந்துரை. மூன்றில் எடுக்கலாம், வேர் மெலிவாக இருக்கும். லொங்சியில் படுக்கை நாற்றை நட்ட ஆண்டே எடுத்துச் சந்தைக்கு அனுப்புவதும் உண்டு. ஹுன்யுவான் மலைச்சரிவுகளில் ஐந்தாறு ஆண்டு விட்டு எடுப்பார்கள். மிக முற்றிய வேரின் நடுப்பகுதி கறுத்துப் பொந்தாகிவிடும் என்பதால் அளவில்லாமல் காத்திருப்பதிலும் பயனில்லை.

இலை மஞ்சளாகி உதிர்ந்த பின், மண் உறையும் முன் தோண்டுங்கள். வரிசைக்குப் பக்கத்தில் 60 சென்டிமீட்டர் ஆழ வாய்க்கால் வெட்டி, வேரின் பக்கவாட்டு மண்ணை அந்த வாய்க்காலுக்குள் சரித்து, வேரைச் சாய்த்து எடுக்க வேண்டும். மேலிருந்து இழுத்தால் பாதியில் ஒடியும். நல்ல வேர் 30 முதல் 90 சென்டிமீட்டர் நீளமும், தடித்த இடத்தில் 1 முதல் 3.5 சென்டிமீட்டர் விட்டமும் இருக்கும்.

உலர்த்துதல்

மண்ணைத் தட்டி, வேண்டுமானால் ஓடும் நீரில் சட்டென்று அலசி, வேர்த்தலையையும் மயிர்வேர்களையும் வெட்டிவிடுங்கள். ஊறப்போட்டால் சத்து நீரோடு போகும். வெயிலில், வளைத்தால் ஒடியாமல் வளையும் பதம் வரை காய வையுங்கள். அந்தப் பதத்தில் நேராக்கிக் கட்டாகக் கட்டலாம். வீட்டுக்கென்றால் அப்போதே 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் சாய்வாகச் சீவிவிடுங்கள். முழுக்கக் காய்ந்த வேரைச் சமையலறைக் கத்தியால் வெட்டுவது ஆகாத காரியம். வெயில் இல்லாத ஊரில் உலர்த்தும் கருவியை 50 டிகிரிக்குள் வையுங்கள். பச்சை வேரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்.

நன்றாகக் காய்ந்த சீவலில் வெளிவளையம் மஞ்சள் கலந்த வெள்ளை, நடுக்கட்டை இளமஞ்சள், மையத்திலிருந்து விரியும் கோடுகள் தெளிவாகத் தெரியும். மென்றால் லேசான இனிப்பும் பச்சைப் பயறு வாசமும் வரும், நார் வாயில் நிற்கும். பூச்சியும் பூசணமும் எளிதில் பிடிக்கும் சரக்கு என்பதால் காற்றுப்புகாத கண்ணாடி ஜாடியில், இருட்டில் வைக்க வேண்டும்.

விதை எடுத்தல்

காய் மஞ்சளாகித் தொங்கும்போது உள்ளே விதை பழுப்பேறியிருந்தால் உடனே பறியுங்கள். ஒரே நாளில் எல்லாம் பழுக்காது, நாலைந்து முறை போக வேண்டும். அதிகம் முற்றவிட்டால் காய் வெடித்துச் சிந்துவதோடு, கல் விதையின் பங்கும் கூடிவிடும். அடுத்த ஆண்டு உப்புத்தாள் வேலையும் கூடும்.

சூப்பில் போடுமுன்

சீன மருந்தியல் தொகுப்பு நாளொன்றுக்கு 9 முதல் 30 கிராம் வரை உலர் வேரைக் கஷாய அளவாகக் குறிக்கிறது. வீட்டு சூப்புக்கு நாலு பேருக்கு 15 கிராம் எடுத்து, ஒரு மணி நேரம் சிறுதீயில் கொதிக்க விட்டு, பரிமாறுமுன் சீவல்களை எடுத்துவிடுவது வழக்கம், நாரைத் தின்ன முடியாது. காய்ச்சலும் சளியும் கடுமையாக இருக்கும் நாளில் சீன வைத்தியர்கள் இதைத் தர மாட்டார்கள். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வேரைத் தொட வேண்டாம். விருந்தினருக்குச் சமைக்கும்போதும் இதைச் சேர்த்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.